வாசகர் கேள்வி: பையன் திரும்பி வந்தால் கடனை யார் கட்டுவது?

வெளிநாட்டுப் படிப்பு பற்றிய சந்தேகங்களை எழுதுங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தோம். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவிலிருந்தும் இடுக்கி மாவட்டத்துப் பீர்மேடு பக்கத்து எஸ்டேட்டுகளிலிருந்தும்தான் அதிகக் கடிதங்கள் வந்திருக்கின்றன. எனக்கு அது ஆச்சரியமில்லை. நான் இருப்பது கொழிஞ்சாம்பாறை. இங்கே பஸ் ஸ்டாண்டில் நின்றால், கல்யாண மண்டப விளம்பரத்தைவிட ஜெர்மன் வகுப்பு, ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு வகுப்பு விளம்பரம்தான் அதிகம் கண்ணில் படுகிறது. பக்கத்து வீட்டு மலையாளிப் பிள்ளைகள் போய்க் காலூன்றுவதைப் பார்த்து, நம் வீட்டுப் பிள்ளைகளும் கிளம்புகிறார்கள். கிளம்பட்டும். 31 வருஷம் வங்கியில் இருந்தவள் நான், அதில் பாதிக்கு மேல் கல்விக் கடன் மேசையில். அந்த மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்ததை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

மகன் பி.காம். முடித்திருக்கிறான். கோயமுத்தூரில் ஒரு கன்சல்டன்சியில், கனடாவில் 2 வருஷ பிசினஸ் டிப்ளமோ, முடித்ததும் 3 வருஷம் வேலை, அப்புறம் பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) நிச்சயம் என்கிறார்கள். மொத்தம் 30 லட்சம் ஆகுமாம். 4 ஏக்கர் தென்னந்தோப்பை வைத்துக் கடன் வாங்கலாமா?
— ஒரு தாய், வேலந்தாவளம்

அம்மிணி, கல்லூரியில் இடம், படிப்பு விசா, படிப்புக்குப் பிறகான வேலை அனுமதி, பி.ஆர். இந்த நாலும் நாலு தனி வாசல். ஒவ்வொன்றுக்கும் தனி விண்ணப்பம், தனி விதி, தனி அதிகாரி. கன்சல்டன்சி உங்களை முதல் வாசல் வரை கூட்டிப் போகும். அதற்குத்தான் கல்லூரி அவர்களுக்குக் கமிஷன் கொடுக்கிறது. நாலாவது வாசல் திறக்காமல் போனால் அந்தக் கமிஷனை யாரும் திருப்பிக் கேட்கப்போவதில்லை. ‘நிச்சயம்’ என்று சொன்னார்களே, அதை லெட்டர்பேடில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். தரமாட்டார்கள்.

உங்கள் விஷயத்தில் நாலாவது வாசலுக்கே போக வேண்டாம், மூன்றாவதிலேயே சிக்கல் இருக்கிறது. 2024 நவம்பர் 1 முதல் கனடா விதியை மாற்றிவிட்டது. அந்தத் தேதிக்குப் பிறகு விண்ணப்பித்துப் போகிறவர்கள் பட்டப்படிப்பு அல்லாத டிப்ளமோ படித்தால், அந்தப் பாடப்பிரிவு அரசாங்கப் பட்டியலில் இருந்தால் மட்டுமே பிறகு வேலை அனுமதி கிடைக்கும். அந்தப் பட்டியல் மருத்துவப் பணி, விவசாயம், அறிவியல் தொழில்நுட்பம், எலக்ட்ரீஷியன், பிளம்பர் போன்ற கைவேலைகள், போக்குவரத்து என்று போகிறது. பிசினஸ் டிப்ளமோக்கள் பெரும்பாலும் அதில் இல்லை. ‘கல்லூரிக்கு அரசு அங்கீகாரம் இருக்கிறது’ என்பார்கள். இருக்கும். அது படிப்பு விசா கிடைப்பதற்கான அங்கீகாரம். வேலை அனுமதிக்குத் தகுதியான படிப்பா என்பது வேறு கேள்வி. படிப்பின் முழுப்பெயரையும் கல்லூரியின் பதிவு எண்ணையும் எழுதி வாங்கி, கனடா குடிவரவுத் துறையின் இணையதளத்தில் பையனையே உட்கார்ந்து தேடச் சொல்லுங்கள். அரை மணி நேர வேலை. சேர்க்கைக் கடிதம் வந்தால், அது உண்மையானதா என்று கல்லூரிக்கே நேரடியாக மெயில் போட்டும் கேட்கட்டும். போலிக் கடிதத்தில் போய்ச் சிக்கிய நம் நாட்டுப் பிள்ளைகள் 2023-இல் நூற்றுக்கணக்கில் தவித்தார்கள். அதற்குப் பிறகுதான், 2023 டிசம்பர் முதல், கனடா அரசே ஒவ்வொரு கடிதத்தையும் கல்லூரியிடம் சரிபார்க்கிறது.

சரி, வேலை அனுமதியும் கிடைத்தது என்றே வைப்போம். பி.ஆருக்கு மதிப்பெண் போட்டி. வயது, படிப்பு, மொழி, அனுபவம் எல்லாவற்றுக்கும் புள்ளி. படிப்பை முடித்தபின் அங்கே குறைந்தது 1 வருஷம் திறன் சார்ந்த வேலை பார்த்திருக்க வேண்டும். படிக்கும்போது வாரம் 24 மணி நேரம் வேலை பார்க்க விடுவார்கள், ஆனால் அது இந்தக் கணக்கில் சேராது. பெட்ரோல் பங்க், சூப்பர் மார்க்கெட் பில் கவுன்ட்டர் வேலைகளும் சேராது. கனடாவில் வேலை பார்த்த அனுபவம் உள்ளவர்களுக்கு, பி.ஆருக்கு விண்ணப்பிக்கச் சொல்லி 2025-இல் வந்த அழைப்புகள் எல்லாமே 500 புள்ளிக்கு மேலே நின்றன. கம்பெனியின் வேலைக் கடிதத்துக்கு முன்பு கிடைத்த கூடுதல் புள்ளியையும் 2025 மார்ச் 25-இல் எடுத்துவிட்டார்கள்.

இப்போது பணம். 30 லட்சத்தை இரண்டு தவணையாக எடுக்கிறீர்கள், வட்டி 10.5 சதவீதம் என்று வையுங்கள். படிக்கும் 2 வருஷமும், முடித்தபின் 1 வருஷமும் கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி நிற்காது. அந்த 3 வருஷத்தில் கிட்டத்தட்ட 8 லட்சம் ஏறியிருக்கும். 38 லட்சத்துக்கு 10 வருஷத் தவணை என்றால் மாதம் 51,000-க்கு மேல். 15 வருஷமாக நீட்டினால் 42,000 பக்கம்.

இந்த இடத்தில் என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு தென்னை விவசாயி மகனுக்காக வந்தார். காகிதமெல்லாம் சரியாக இருந்தது, நான்தான் கையெழுத்துப் போட்டேன். பையன் போன நாட்டில் அவன் சேர்ந்த தனியார் கல்லூரியின் உரிமம் படிப்பு முடிவதற்குள் பறிபோனது. பையன் வெறுங்கையோடு திரும்பி வந்து, பொள்ளாச்சியில் ஒரு நார் மில்லில் கணக்கெழுதப் போனான். அப்பா மாதாமாதம் வந்தார். தேங்காய் வியாபாரி பணம் கொடுத்த மறுநாள் வருவார். மஞ்சள் பைக்குள் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் ரப்பர் பேண்டு போட்ட நோட்டு. அவரே ஒரு தடவை எண்ணிவிட்டுத்தான் கேஷியரிடம் நீட்டுவார். ரசீதை வாங்கிக்கொண்டு என் மேசைக்கு வந்து, நின்றபடியே ஒரே கேள்வி கேட்பார். “மேடம், அசல் எத்தன கொறஞ்சிருக்குதுங்க?”

முதல் மூன்று வருஷம் அந்தக் கேள்விக்கு வாய் திறந்து பதில் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவர் கட்டியதெல்லாம் வட்டிக்கே போய்க்கொண்டிருந்தது. கடன் கொடுத்த அன்றைக்கு, ‘பையன் எதுவுமில்லாமல் திரும்பி வந்தால் நீங்கள் எப்படிக் கட்டுவீர்கள்?’ என்று ஒரு வார்த்தை நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அதற்குப் பிறகு என் மேசைக்கு வந்த எல்லோரிடமும் கேட்டேன். இன்றைக்கு உங்களிடமும் கேட்கிறேன். பையன் திரும்பி வந்து கோயமுத்தூரில் 25,000 சம்பளத்துக்குப் போனால், மீதி 26,000 மாதாமாதம் தோப்பிலிருந்து வருமா? வெள்ளை ஈயும் வேர் வாடலும் இருக்கிற இந்தக் காலத்தில்?

வராது என்றால், இந்தப் படிப்புக்காக அந்தத் தோப்பைத் தொடாதீர்கள். பையனுக்குக் கனடாதான் ஆசையென்றால் வேறு வழியிருக்கிறது. பி.காம். படித்தவன் டிப்ளமோவுக்கு ஏன் இறங்கிப் போக வேண்டும்? இரண்டு வருஷம் இங்கே கணக்கு வேலை பார்க்கட்டும், ஆங்கிலத் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுக்கட்டும், பிறகு நல்ல பல்கலைக்கழகத்தில் முதுகலைக்குப் போடட்டும். முதுகலைக்கு நான் மேலே சொன்ன பாடப்பட்டியல் விதி கிடையாது. ஆனால் செலவு காட்ட வேண்டும். முதல் வருஷக் கட்டணம், விமான டிக்கெட் போக, தனியாளின் சாப்பாடு தங்கலுக்கு மட்டும் 22,895 கனடா டாலர் கையில் இருப்பதைக் காட்ட வேண்டும் என்பது 2025 செப்டம்பர் 1 முதல் உள்ள விதி.

பிளஸ் டூ பயாலஜி, 81 சதவீதம். அம்மா எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறார். எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டில் இருக்கிறோம், சொந்த நிலம் இல்லை. ஜெர்மனியில் நர்சிங் ‘அவுஸ்பில்டுங்’ படித்தால் படிக்கும்போதே சம்பளம் கிடைக்குமாமே, உண்மையா? ஏஜென்சி நாலரை லட்சமும் ஒரிஜினல் சர்டிபிகேட்டும் கேட்கிறது.
— ஒரு மாணவி, வண்டிப்பெரியாறு

உண்மைதான் கண்ணு. இந்த முறை வந்த கடிதங்களில் பாதை கொஞ்சம் நேராகத் தெரிவது உன்னுடையதில்தான்.

அவுஸ்பில்டுங் என்பது வேலையோடு சேர்ந்த தொழிற்பயிற்சி. நர்சிங்குக்கு 3 வருஷம். ஒரு ஆஸ்பத்திரியோ முதியோர் இல்லமோ உன்னோடு ஒப்பந்தம் போடும். கொஞ்ச நாள் பள்ளி, கொஞ்ச நாள் வார்டு என்று மாறி மாறி வரும். கல்விக் கட்டணம் இல்லை. பொதுத்துறைச் சம்பள ஒப்பந்தத்தில் உள்ள ஆஸ்பத்திரிகளில் முதல் வருஷமே மாதம் 1,400 யூரோவுக்கு மேல். வரி, காப்பீடு, அறை வாடகை போகக் கையில் நிற்பது அதில் பாதியாகக்கூட இருக்கலாம், அதையும் இப்போதே தெரிந்துகொள். அங்கே பல்கலைக்கழகத்தில் படிக்கப் போகிறவர்கள் வருஷத்துக்கு 11,904 யூரோவை முடக்கப்பட்ட கணக்கில் (மாதாமாதம் ஒரு அளவுதான் எடுக்க முடியும்) போட்டுக் காட்ட வேண்டும். உன்னைப் போல் பயிற்சிச் சம்பளத்திலேயே பிழைக்க முடிகிறவர்களுக்கு அந்தச் சுமை பொதுவாக வராது. நிலமில்லாத வீட்டுக்கு இது சின்ன விஷயமில்லை.

பயிற்சி முடித்து, அங்கேயே அந்த வேலையில் சேர்ந்து, 2 வருஷம் ஓய்வூதியச் சந்தாவோடு வேலை பார்த்தால் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம். ஜெர்மன் மொழியில் பி1 என்கிற நடுத்தர நிலை வேண்டும், வேறு நிபந்தனைகளும் உண்டு. ஆனால் சட்டத்தில் எழுதியிருக்கிற வழி இது, யாருடைய வாய்வார்த்தையும் இல்லை.

கஷ்டம் மொழியில்தான். விசாவுக்குப் பொதுவாக பி1 போதும். நர்சிங்குக்கு எடுக்கிற ஆஸ்பத்திரிகள் பல அதற்கு அடுத்த நிலையான பி2 கேட்கின்றன. என் வீட்டு மாடியில் குடியிருந்த பெண் ஒருத்தியைச் சொல்கிறேன். அவள் சேர்ந்த வகுப்பில் ஜெர்மன் இலக்கணத்தை மலையாளத்தில்தான் விளக்கினார்கள். தமிழ்ப் பள்ளியில் படித்த அவளுக்கு ஜெர்மனைப் புரிந்துகொள்ள முதலில் அந்த மலையாளத்தைப் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. வண்டிப்பெரியாற்றில் வளர்ந்த உனக்கு அந்தத் தடை குறைவாக இருக்கும். பி1 தேர்வில் படித்தல், எழுதுதல், பேசுதல் மூன்றிலும் தேறிவிட்டாள், கேட்டலில் இரண்டு தடவை போய்விட்டது. காரணம் எனக்குத் தெரியும். எப்போதும் எழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒலியைக் கேட்டாள். அதற்குப் பிறகு காகிதத்தை மூடி வைத்துவிட்டு, விடிகாலையில் பாத்திரம் தேய்க்கும்போது போனை ஜன்னல் திட்டில் சாய்த்து வைத்து, ரயில் எந்த பிளாட்பாரத்துக்கு மாறுகிறது என்ற அறிவிப்புகளைத் திரும்பத் திரும்ப ஓடவிடுவாள். கீழே வாசல் தெளிக்கும் எனக்கே ‘கிளைஸ்’ என்றால் தண்டவாளம், பிளாட்பாரம் என்று பாடமாகிவிட்டது. மூன்றாவது தடவை தேறினாள். கோத்தே நிறுவனத்தின் பி1 தேர்வில் தவறிய பகுதியை மட்டும் மறுபடி எழுதினால் போதும், மற்ற மூன்றும் வீணாகாது. இதைப் பல வகுப்புக்காரர்கள் பிள்ளைகளிடம் சொல்வதேயில்லை.

இனி அந்த ஏஜென்சி. ஒரிஜினலைக் கொடுக்காதே. ஒருநாள்கூட. நகலில் கையெழுத்திட்டுக் கொடு, ஒரிஜினலை நீயே எடுத்துப்போய்க் காட்டித் திரும்பக் கொண்டு வா. பாஸ்போர்ட் சட்டப்படி மத்திய அரசின் சொத்து, அதைப் பிடித்து வைக்க எந்த ஏஜென்சிக்கும் உரிமையில்லை. வெளிநாட்டு வேலைக்கு ஆளெடுக்கிற முகவர் மத்திய அரசின் உரிமம் வைத்திருக்க வேண்டும். உரிமம் பெற்றவர்களின் பட்டியல் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறது. சேவைக் கட்டணமாக அவர்கள் வாங்கக்கூடிய உச்ச வரம்பு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். நாலரை லட்சம் எதற்கு என்று கேட்டால் ‘மொழி வகுப்பு, தங்குமிடம், விசா எல்லாம் சேர்த்து’ என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல். விசாக் கட்டணத்தையும் தேர்வுக் கட்டணத்தையும் நீயே நேரடியாகக் கட்டலாம்.

பணம் கொடுப்பதற்கு முன், வெளிநாடுவாழ் கேரளத்தவருக்கான கேரள அரசு அமைப்பான நோர்க்காவை ஒருமுறை கேள். ஜெர்மன் அரசு வேலைவாய்ப்பு நிறுவனத்தோடு சேர்ந்து நோர்க்கா நடத்தும் ‘டிரிபிள் வின்’ திட்டத்தில் நர்சுகளைக் கட்டணமில்லாமல் அனுப்புகிறார்கள். பிளஸ் டூ முடித்தவர்களைப் பயிற்சிக்கு எடுக்கும் பிரிவும் அதில் வந்திருக்கிறது. அறிவிப்பு வரும்போது மொழிச் சான்று கையில் இருக்கிறவர்கள்தான் முந்திக்கொள்கிறார்கள். அதனால் மொழியை இன்றைக்கே தொடங்கு.

ஒன்று கேட்கிறேன், அம்மாவுக்கு இன்னும் எத்தனை வருஷம் சர்வீஸ் இருக்கிறது? வேலை இருக்கிற வரைக்கும்தான் லயம். மொழிக்கு ஒன்றரை வருஷம், பயிற்சிக்கு 3 வருஷம். நீ நிலையாகச் சம்பாதிக்கத் தொடங்குவதற்கு முன் அம்மா ரிட்டயர் ஆனால் எங்கே இருப்பார் என்பதையும் இப்போதே இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். கேரளத்தில் மெரிட்டில் அரசு பி.எஸ்சி. நர்சிங் இடம் கிடைத்தால் அதை விடாதே. அதை முடித்துவிட்டு பி2-வோடு போகிற வழியும் இருக்கிறது.

எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் அப்பா பெயர் ஒரு எழுத்திலும், பாஸ்போர்ட்டில் வேறு எழுத்திலும் இருக்கிறது. அப்பாவின் பான் கார்டில் மூன்றாவது விதம். விசாவுக்குத் தடையாகுமா?
— கல்லூரி மாணவி, கொழிஞ்சாம்பாறை

எல்லையில் பிறந்தவர்களின் நோய் இது. அப்பா பெயர் பழனிசாமி என்றால், பொள்ளாச்சியில் எழுதிய காகிதத்தில் ழகரத்துக்கு ‘எல்’ போடுவார்கள். இங்கே ‘இஸட் ஹெச்’. ‘சாமி’யை இங்கே ‘ஸ்வாமி’ ஆக்கிவிடுவார்கள். தமிழ்நாட்டுப் பள்ளியில் இனிஷியல் அப்பா பெயரின் முதலெழுத்து. கேரளப் பள்ளிகளில் சில சமயம் வீட்டுப் பெயரும் சேர்ந்துகொள்ளும். ஒரே மனிதருக்கு இப்படி மூன்று பெயர். நான் வேலையில் இருந்தபோது, இந்த ஒரு எழுத்துக்காகக் கடன் மூன்று வாரம் தள்ளிப்போய், கல்லூரியின் கட்டணக் கெடு தாண்டிப்போன பிள்ளை உண்டு.

எதை அச்சாணியாக வைப்பது என்று முதலில் முடிவு செய். என் யோசனை எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம்தான். பிறந்த தேதிக்கும் பெயருக்கும் எல்லோரும் போய் நிற்பது அதில்தான், அதைத் திருத்த திருவனந்தபுரம் பரீட்சா பவன் வரை போக வேண்டும். பாஸ்போர்ட்டை அதற்கேற்ப மாற்றி வாங்குவது சுலபம். அப்பாவின் பான், ஆதாரையும் அதே எழுத்துக்குக் கொண்டு வா, ஏனென்றால் கல்விக் கடன் வாங்கினால் அதில் அவர் கூட்டுக் கடன்காரர். பழைய நிலப் பத்திரத்தில் இருக்கும் பெயரை மாற்ற முடியாது, அதற்கு வில்லேஜ் ஆபீசில் ‘ஒன் அண்ட் சேம்’ சர்டிபிகேட் என்று கேட்டு விண்ணப்பி. இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று சான்று தருவார்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விடாதே. இனிஷியலை விரித்து அப்பா பெயரை அங்கே போடு. காலியாக விட்டால் சில நாடுகளின் விசாவில் பெயரே தலைகீழாக அச்சாகி வரும், அப்புறம் அங்கே வங்கிக் கணக்கு தொடங்குவதிலிருந்து சங்கடம்.

இவையெல்லாம் முடிய மூன்று நாலு மாதம் ஆகும். சேர்க்கைக்கு முன்பே செய்.

1 வருஷ எம்.எஸ்சி.க்கு இங்கிலாந்து போகிறேன். கணவரையும் குழந்தையையும் கூட்டிப் போகலாமா?
— மூலத்தறை

முடியாது. 2024 ஜனவரி முதல், ஆராய்ச்சிப் படிப்புக்காரர்களும் அரசு உதவித்தொகையில் போகிறவர்களும்தான் குடும்பத்தைக் கூட்டிப் போகலாம். ‘அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்’ என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

வீடு கேரளத்தில், 3 ஏக்கர் நிலம் ஆனைமலைப் பக்கம் தமிழ்நாட்டில். கல்விக் கடனுக்கு எந்த மாநில வங்கியில் கேட்பது? நிலத்தை ஏற்பார்களா?
— கோவிந்தாபுரம்

குடியிருக்கிற இடத்தின் கிளையில் கேளுங்கள். மாநிலம் பெரிய பிரச்சினை இல்லை. தமிழ்நாட்டுப் பக்கம் பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று. கேரளப் பக்கம் ஆதாரம் என்கிற பத்திரம், கரம் (நிலவரி) அடைத்த ரசீது, கைவசச் சான்று. வங்கி வக்கீல் எந்தப் பக்கத்துக் காகிதத்தையும் படித்துக் கருத்துச் சொல்வார், கொஞ்சம் நாளாகும், அவ்வளவுதான்.

பிரச்சினை நிலம் விவசாய நிலமாக இருப்பதில். கடன் திரும்பாவிட்டால் கோர்ட்டுக்குப் போகாமல் சொத்தை எடுக்க வங்கிக்கு அதிகாரம் தரும் 2002-ஆம் வருஷத்து சர்ஃபேசி சட்டம், விவசாய நிலத்துக்குப் பொருந்தாது. அதனால்தான் மேனேஜர் உங்கள் பத்திரத்தைப் பார்த்ததும் முகத்தைச் சுளிக்கிறார். உங்கள் மேல் கோபமில்லை. வீடு, வீட்டுமனை, எல்.ஐ.சி. பாலிசி, டெபாசிட் இருந்தால் அதைச் சொல்லுங்கள். வேலந்தாவளத்துத் தாய்க்கும் இதே பதில்தான். தோப்பை வங்கி ஏற்காதபோது ‘நான் வாங்கித் தருகிறேன், ஆனால் வட்டி கூட’ என்று ஒரு பைனான்ஸ்காரர் வருவார். அவரிடம் போகாதீர்கள்.

வழக்கமான கல்விக் கடன் திட்டத்தில் 4 லட்சம் வரை பெற்றோர் கூட்டுக் கையெழுத்து போதும், ஏழரை லட்சம் வரை மூன்றாம் நபர் ஜாமீன், அதற்கு மேல் சொத்து. வெளிநாட்டுப் படிப்புக்கு 15 சதவீதம் உங்கள் கைப்பணம் போட வேண்டும். உலகத் தரவரிசையில் உள்ள பல்கலைக்கழகங்களுக்குச் சொத்தில்லாமல் பெரிய தொகை தருகிற தனித் திட்டங்களும் வங்கிகளில் உண்டு, பிள்ளைக்கு இடம் கிடைத்திருக்கும் பல்கலைக்கழகம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். 2024-இல் வந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டம் இந்தியாவுக்குள் படிப்பவர்களுக்கு மட்டும். மத்திய அரசின் பொதுவான வட்டி மானியத் திட்டமும் அப்படித்தான். வருமான வரியில் கல்விக் கடன் வட்டிக்குள்ள சலுகை (1961-ஆம் வருஷத்துச் சட்டத்தில் 80இ பிரிவு) வெளிநாட்டுப் படிப்புக்கும் பொருந்தும். பழைய வரி முறையில் இருந்தால் 8 வருஷம் வட்டியைக் கழிக்கலாம்.

இங்கிலாந்தில் எம்.எஸ்சி. முடித்து, படிப்பு முடித்தவர்களுக்குத் தரும் கிராஜுவேட் விசாவில் கிடங்கு வேலை பார்க்கிறேன். விசா முடிய இன்னும் 5 மாதம். ஒரு கம்பெனிக்காரர் 12 லட்சம் கொடுத்தால் வேலை விசாவுக்கு ஸ்பான்சர் செய்கிறேன் என்கிறார். ஊரில் அப்பாவிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. திரும்பி வரவும் முகமில்லை. என்ன செய்வது?
— மீனாட்சிபுரத்துப் பையன்

தம்பி, அந்த 12 லட்சத்தைக் கொடுக்காதீர்கள். ஸ்பான்சர்ஷிப் சான்றிதழுக்கான கட்டணத்தைக் கம்பெனிதான் கட்ட வேண்டும், தொழிலாளியிடம் வாங்கக் கூடாது என்பது அந்த நாட்டு விதி. பணத்துக்கு விற்கிறவரிடம் வேலை இருக்காது. பிடிபட்டால் அவருடைய உரிமம் போகும், கூடவே உங்கள் விசாவும் போகும், பிறகு எந்த நாட்டுக்கு விண்ணப்பித்தாலும் அந்தக் கறை கூடவே வரும்.

நேர்வழி என்ன என்று பாருங்கள். 2025 ஜூலை 22 முதல் திறன் தொழிலாளர் விசாவுக்குப் பொதுவான சம்பள வரம்பு வருஷத்துக்கு 41,700 பவுண்ட். உங்களைப் போலப் படிப்பு முடித்துப் புதிதாக வருகிறவர்களுக்கு 33,400 பவுண்ட், அல்லது அந்தத் தொழிலுக்கென்று வைத்திருக்கிற சலுகை விகிதம், எது அதிகமோ அது. வேலையும் பட்டப்படிப்பு நிலையில் இருக்க வேண்டும். கிடங்கு வேலை அதில் வராது. உரிமம் பெற்ற ஸ்பான்சர்களின் பட்டியலை அரசே வெளியிடுகிறது. உங்கள் எம்.எஸ்சி. பாடத்தோடு ஒட்டிய கம்பெனிகளை அதில் தேடி, இந்த 5 மாதமும் நாளுக்கு இரண்டு விண்ணப்பமாவது போடுங்கள். கிராஜுவேட் விசாவில் இருந்த காலம் அங்கே நிரந்தரமாகத் தங்குவதற்கான 5 வருஷக் கணக்கில் சேராது. அந்த 5 வருஷத்தையும் 10 ஆக்கப்போவதாக 2025 மே மாத வெள்ளை அறிக்கையில் அரசு சொல்லியிருக்கிறது. ஆகவே ‘எப்படியாவது கொஞ்ச நாள் ஒட்டிக்கொண்டிருந்தால் சரியாகிவிடும்’ என்று நினைத்துப் பணத்தைக் கரைக்க வேண்டாம்.

விசா முடிந்தபின் ஒருநாள்கூட அங்கே தங்காதீர்கள். முறையாகத் திரும்பி வந்தவனுக்கு மறுபடி போக வழி இருக்கும், ஒளிந்து தங்கினவனுக்கு இருக்காது.

கடன் பற்றி. தவணை தொடங்கிவிட்டதென்றால், 90 நாள் பாக்கி விழுவதற்கு முன்பே கிளையில் போய்ச் சொல்ல வேண்டும். தவணைக் காலத்தை நீட்டவும், முதல் சில வருஷம் குறைவாகக் கட்டிப் பிறகு கூட்டிக் கட்டவும் கேட்கலாம். பாக்கி விழுந்தபின் போனால் மேனேஜர் கை கட்டப்பட்டுவிடும். அதற்கு முன் போனால் அவருக்கும் செய்ய இடமிருக்கும். நான் அந்த நாற்காலியில் இருந்தவள், இதை உறுதியாகச் சொல்கிறேன்.

அப்பாவிடம் இந்த ஞாயிற்றுக்கிழமை நீங்களே போன் போட்டுச் சொல்லுங்கள். கிடங்கு வேலை என்பதையும் சொல்லுங்கள், 5 மாதம்தான் இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். ஏஜென்டு வாயிலாகவோ அத்தை வாயிலாகவோ அவருக்குத் தெரிய வேண்டாம். வங்கிக்குப் போகத் தயங்குவார் என்று உங்கள் கடிதத்தில் இருந்தது. மீனாட்சிபுரம் எனக்குப் பக்கம்தான். அவர் சம்மதித்தால் ஒரு வேலை நாளில் காலை பத்து மணிக்குக் கிளை வாசலில் வந்து நிற்கிறேன், இருவருமாகச் சேர்ந்து உள்ளே போய்ப் பேசுகிறோம். கடன் பாஸ்புக்கையும், உங்கள் பட்டச் சான்றின் நகலையும், விசா முடியும் தேதி உள்ள பக்கத்தின் அச்சையும் அவர் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள்.